வீட்டுக்காரர் தலையாட்டினால் போதுமா?



நம்ம பசங்க நிறைய பேர் இப்போது ஒரு புதுத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாமல் வீட்டுத் தொழில். கொண்டோ, ஃபிளாட், கடைவீட்டின் மேல்மாடி என்று எதையாவது உரிமையாளரிடமிருந்து மொத்தமாக வாடகைக்கு எடுக்கிறார்கள். சுத்தம் செய்து, சாயம் பூசி, கட்டில், அலமாரி, வைஃபை எல்லாம் போட்டு, அறை அறையாக மறுவாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு மாதா மாதம் ஒரே தொகை போய்விடும். மிச்சம் இவர்களுக்கு. மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துப் பழைய அடுக்குமாடிகளிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வரை இந்தத் தொழிலுக்கு இடம் இருக்கிறது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் விளக்கு எரிகிறது, ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைக்குத் தங்க இடம் கிடைக்கிறது, முதல் இல்லாத இளைஞனுக்கு ஒரு தொழில் கிடைக்கிறது. ஆனால் இந்தத் தொழிலின் கதவு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அவரைச் சம்மதிக்க வைக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான், தெரியாதவன் ஆறே மாதத்தில் கடையை மூடுவான். அதனால்தான் இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் முதல் பாடமே ‘ஓனரிடம் எப்படிப் பேசுவது’ என்பதாக இருக்கிறது.

நான் கேட்க விரும்புவது அதற்கு முந்திய ஒரு கேள்வி. ஒருவரைச் சம்மதிக்க வைத்துவிட்டால், நாம் செய்தது சரி என்று ஆகிவிடுமா? அவர் தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார், யாரும் கையை முறுக்கவில்லை. அப்புறம் என்ன குறை?

குறை இருக்கலாம் என்பதற்கு நம் இதிகாசத்திலேயே ஒரு சாட்சி உண்டு. குருக்ஷேத்திரத்தில் துரோணர் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும். அசுவத்தாமன் என்ற யானையைக் கொன்றுவிட்டு, ‘அசுவத்தாமன் இறந்தான்’ என்று தருமரைச் சொல்ல வைத்தார்கள். யானை என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார். துரோணர் தம் மகன்தான் இறந்தான் என்று எண்ணிக்கொண்டார். தருமர் சொன்ன வார்த்தைகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனாலும் அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவருடைய தேர், அந்த நேரத்திலிருந்து எல்லாருடைய தேரையும் போல மண்ணில் ஓடியது என்கிறது கதை. சொல் உண்மையா என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கேட்டவர் மனதில் எதை உண்டாக்கினோம் என்பதும் நம் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

இந்தத் தொழிலில் அந்த ‘யானை’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். நான்கு அறை வீடு. வீட்டுக்காரருக்கு மாதம் 1,800 வெள்ளி தருவதாகப் பேச்சு. அறைக்கு 700 வெள்ளி என்று விட்டால் 2,800 வெள்ளி வரும். மின்சாரம், தண்ணீர், இணையம், துப்புரவு எல்லாம் சேர்த்து 500 வெள்ளி போனால் கையில் நிற்பது 500 வெள்ளி. நல்ல லாபம்தான். ஆனால் ஒரே ஓர் அறை ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? வரவு 2,100. அந்த 500 வெள்ளி லாபம் 200 வெள்ளி நஷ்டமாகத் திரும்பிவிடுகிறது. இரண்டு அறை காலி என்றால் நஷ்டம் 900. தொழில் தெரிந்தவனுக்கு இது முதல் நாளே தெரியும். வீட்டுக்காரரிடம் பேசும்போது மட்டும் இந்தக் கணக்கு வெளியே வராது. அங்கே வருவது ஒரே சொல்: ‘கேரண்டி’. “அங்கிள், வீட்டுல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கு மாசா மாசம் பணம் கேரண்டி.”

உத்தரவாதம் என்பது சாதாரணச் சொல் இல்லை. நான் ஒன்றுக்கு உத்தரவாதம் தருகிறேன் என்றால், அது நடக்காமல் போனால் என் சொந்தக் கையிலிருந்து ஈடு செய்வேன் என்று பொருள். கையில் ஒன்றும் இல்லாமல், அறைக்காரர்கள் கொடுத்தால் உங்களுக்குக் கொடுப்பேன் என்ற நிலையில் இருப்பவன் தருவது உத்தரவாதம் ஆகாது. அது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பை உத்தரவாதம் என்று பெயர் மாற்றி விற்பதுதான் அந்த யானை.

இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பெரிய நாடுகளிலேயே இதனால் குடும்பங்கள் நொந்துபோயிருக்கின்றன. ஜப்பானில் ‘ஸ்மார்ட் டேஸ்’ என்று ஒரு நிறுவனம் இருந்தது. இளம் பெண்கள் தங்கும் பகிர்வு விடுதிகளைக் கட்டச் சொல்லி, சம்பளக்காரர்களை வங்கிக் கடன் வாங்க வைத்தது. கட்டி முடித்ததும் விடுதியை மொத்தமாகத் தானே வாடகைக்கு எடுத்து, மாதா மாதம் நிலையான பணம் தருவதாகச் சொன்னது. அறைகள் எதிர்பார்த்தபடி நிரம்பவில்லை. புது ஆட்கள் சேரும்வரை ஓடிய வண்டி, 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுவிட்டது. நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் கடனோடு தனியே நின்றார்கள். கடன் கொடுத்த சுருகா வங்கியின் முறைகேடுகள் வெளியே வந்து, அரசு அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகு 2020இல் ஜப்பான் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மொத்த வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்கள் உரிமையாளரிடம் மிகைப்படுத்தி விளம்பரம் செய்யக் கூடாது. வாடகை பின்னால் குறையலாம் என்பது போன்ற ஆபத்துகளை ஒப்பந்தத்துக்கு முன்பே விளக்கிச் சொல்ல வேண்டும். நான் மேலே கேட்ட தருமக் கேள்வியை ஒரு நாடு சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது.

சீனாவில் நடந்தது இன்னும் கொடுமை. ‘டான்கே’ என்ற நிறுவனம் வீடுகளை மொத்தமாக எடுத்து அறைகளாக விட்டது. 2020 ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தையிலேயே இடம் பிடித்தது. அறைக்கு வந்த இளைஞர்கள் பலரை, வாடகைக்காக வங்கிக் கடன் எடுக்க வைத்து, பல மாத வாடகையை முன்னதாகவே மொத்தமாக வாங்கிக்கொண்டது. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தவணையாகக் கொடுத்தது. அதே ஆண்டுக் கடைசியில் பணம் தட்டியது. பணம் வராத வீட்டுக்காரர்கள், வாடகையை முன்கூட்டியே கட்டிவிட்ட பிள்ளைகளை வெளியே போகச் சொன்னார்கள். வீடும் போச்சு, கடன் மட்டும் மிச்சம். அங்கே வீட்டுக்காரரும் குற்றவாளி இல்லை, வாடகைக்காரரும் குற்றவாளி இல்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரி ஏமாந்தவர்கள். ஆனால் வாசலில் நின்று ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டவர்கள் அவர்கள்தான்.

சரி, அது ஜப்பான், சீனா. நம்ம ஊரில் நாலு வீடு வைத்து நடத்தும் பையனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மஸ்ஜித் இந்தியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி காலையில் ஜாலான் மஸ்ஜித் இந்தியா நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு அம்மா அந்தக் குழியில் விழுந்து காணாமல் போனார். பல நாள் தேடியும் கிடைக்கவில்லை. பாதையை அடைத்தார்கள். சில நாளில் பக்கத்திலேயே இன்னொரு குழி. கூட்டம் வராததால் சுற்றுவட்டார வியாபாரிகள் தவித்தார்கள். அந்தத் தெருவில் ஒருவர் மாடியை மொத்தமாக எடுத்து மறுவாடகைக்கு விட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். கீழே வியாபாரம் இல்லை, மேலே அறை காலி. அந்த மாதம் வீட்டுக்காரருக்குப் போக வேண்டிய ‘கேரண்டி’ பணம் எங்கிருந்து வரும்? குழி எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எங்காவது ஒருநாள் விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு மூன்று மாத வாடகையாவது தனியாக எடுத்து வைத்திருப்பவனுக்குத்தான் ‘உத்தரவாதம்’ என்ற சொல்லைச் சொல்லும் தகுதி உண்டு.

இங்கே ஒரு தம்பி குறுக்கே கேட்பான். “அண்ணே, ஓனர் என்ன சின்னக் குழந்தையா? அவருக்குப் படிக்கத் தெரியாதா? வியாபாரத்துல அவங்கவங்க நன்மையை அவங்கவங்கதான் பார்த்துக்கணும்.” நியாயமான கேள்வி. சமமாக அறிந்த இரண்டு வியாபாரிகள் பேரம் பேசினால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் நம்ம பசங்க பேசப் போகும் வீட்டுக்காரர்கள் யார்? பலர் நம்ம ஆட்களே. தோட்டத்திலிருந்து வெளியே வந்து, காலமெல்லாம் வேலை செய்து, ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்ட பெரியவர். கணவர் போன பிறகு அந்த வாடகையில் மருந்துச் செலவு பார்க்கும் ஓர் ஆண்டி. கிள்ளானில் பிள்ளையோடு இருந்துகொண்டு, கோலாலம்பூர் வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று தெரியாமல் தவிப்பவர். இருபது பக்க ஒப்பந்தத்தை அவர்கள் வாசிக்க மாட்டார்கள். நம் முகத்தைத்தான் வாசிப்பார்கள். “கோயில்ல பார்த்திருக்கேன், நல்ல பிள்ளை” என்று கையெழுத்துப் போடுவார்கள். அப்படி நம்பி வருபவரிடம் ‘அவர் பாடு அவருக்கு’ என்று பேச முடியாது. ‘அங்கிள்’, ‘ஆண்டி’ என்று உறவு சொல்லி உள்ளே நுழைந்தவன், கணக்கு என்று வரும்போது மட்டும் அந்நியன் ஆகக் கூடாது. உறவைச் சொல்லிக் கேட்டால், உறவுக்கு உரிய கடமையும் கூடவே வருகிறது.

திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் வணிகனுக்கு என்று ஒரு குறள் இருக்கிறது. பிறர் பொருளையும் தன் பொருளைப் போலக் கருதிக் காப்பதே வாணிகம் என்பது அதன் கருத்து. பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலையும், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதைக் கூடுதலாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்ததைப் பாராட்டுகிறது. வள்ளுவர் இதை ஏன் வாய்மை அதிகாரத்தில் வைக்காமல் நடுவு நிலைமையில் வைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். வணிகன் எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் நிற்பவன். மறுவாடகைத் தொழில் செய்பவனோ, சொல்லுக்குச் சொல் நடுவில் நிற்கிறான். ஒரு பக்கம் வீட்டுக்காரர், மறு பக்கம் அறைக்காரர். இந்த இரண்டாவது ஆள், சம்மதம் பேசும் மேசையில் உட்கார்ந்திருப்பதே இல்லை.

உட்காராத அந்த ஆளைப் பற்றிப் பேசினால்தான் நம் மனசாட்சி நிஜமாகவே சோதிக்கப்படும்.

மலேசியாவில் வாடகைக்கு வீடு தேடிய தமிழ் இளைஞனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. போனில் எல்லாம் நன்றாகப் போகும். பெயரைக் கேட்டதும் “வீடு போய்விட்டது” என்பார்கள். சில விளம்பரங்களில் இந்தியர் வேண்டாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். வீட்டு வாடகைக்கென்று ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. இதை எழுதும் வரை அது வரவில்லை. இந்த நிலைமையில் நம்ம தம்பி ஒரு வீட்டுக்காரரிடம் பேசப் போகிறான். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்கிறார். கடைசியில், “ஆனா ஒண்ணு, இந்தியாக்காரங்களை மட்டும் வைக்கக் கூடாது, பிரச்சினை” என்கிறார். சில சமயம் அப்படிச் சொல்பவரே ஒரு தமிழராக இருப்பார்! பேனா அவர் கையில். கையெழுத்துக்கு இன்னும் ஒரு நிமிஷம்தான். தம்பி என்ன சொல்ல வேண்டும்?

“சரி அங்கிள், வைக்க மாட்டோம்” என்றால் வேலை முடிந்தது. தன் இனத்துப் பிள்ளைக்கு மூடப்பட்ட கதவுக்குத் தானே பூட்டு வாங்கிக் கொடுத்து, அதில் மாதம் 500 வெள்ளி சம்பாதிக்கிறான். “சரி” என்று சொல்லிவிட்டு ரகசியமாக வைத்தால் அது வீட்டுக்காரருக்குச் செய்யும் துரோகம். பிடிபடும் நாளில் அறையில் இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. எழுந்து வந்துவிட்டால் மனசு சுத்தம். ஆனால் அந்தக் கதவு மூடியபடியே இருக்கிறது.

நாலாவது வழி ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தத் தொழிலுக்கே உரிய அறம் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்காரர் ‘இந்தியர்’ என்று சொல்லும்போது அவர் உண்மையில் பயப்படுவது என்ன என்று கேட்க வேண்டும். வாடகை வராது, வீட்டை நாசம் பண்ணுவார்கள், காலி பண்ண மாட்டார்கள் என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். காலி பண்ணாதவரை வெளியேற்றுவது நிஜமாகவே கஷ்டம். நம் நாட்டில் 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டப்படி, வாடகைக் காலம் முடிந்த பிறகும் இருப்பவரை நீதிமன்றம் போகாமல் வீட்டுக்காரர் தாமாக வெளியேற்ற முடியாது. ஆக, பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்கும் தோலின் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. அப்போது தம்பி சொல்லலாம்: “அங்கிள், உங்களுக்கு வாடகைக்காரன் நான்தான். கையெழுத்து என்னுது, டெபாசிட் என்னுது. சுவரு கெட்டா நான் பூசித் தரேன். வாடகை வரலைன்னா என்னைக் கேளுங்க. உள்ள யாரு இருக்கணும்னு வேலை, சம்பளம், பழைய வீட்டுக்காரர் சொல்றது, இதையெல்லாம் பார்த்து நான் முடிவு பண்றேன். இனத்தைப் பார்த்து மட்டும் முடிவு பண்ண மாட்டேன்.”

இப்படிச் சொல்ல வக்கீல் படிப்பு தேவையில்லை. முதுகெலும்பும் கையில் கொஞ்சம் சேமிப்பும் தேவை. எல்லா வீட்டுக்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பத்தில் இரண்டு பேர் ஒத்துக்கொண்டாலும் அந்த இரண்டு வீடுகளில் எட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கிறது. அந்த எட்டுப் பேரும் ஒழுங்காக இருந்தால், அடுத்த தடவை அதே வீட்டுக்காரருக்கு அந்தப் பயம் குறைந்திருக்கும். ஆபத்தை யார் சுமப்பது என்பதுதான் விஷயம். அதை அறைக்காரரின் இனத்தின்மேல் ஏற்றினால் நாம் வெறும் தரகர். நம் தோளில் ஏற்றிக்கொண்டால் நாம் பாலம். ஒரே தொழில், இரண்டு விதமாகவும் செய்யலாம்.

மேசையில் இல்லாத அந்த ஆளுக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. பல வாடகை ஒப்பந்தங்களில், உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மறுவாடகைக்கு விடக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். “நாங்களும் ரெண்டு ஃபிரண்ட்ஸும்தான் இருப்போம்” என்று சொல்லி வீட்டை எடுத்து, அறை அறையாக விட்டால், அதில் காசு கட்டி இருப்பவன் காலடியில் தரை இல்லை. அவனுக்கே அது தெரியாது.

காகிதம் இல்லாத இருப்பு எவ்வளவு பலவீனமானது என்று மஸ்ஜித் இந்தியா நமக்கு அண்மையில்தான் காட்டியது. அங்குள்ள தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் நூறாண்டுக்கு மேற்பட்ட வழிபாட்டு வரலாறு கொண்டது. ஆனால் நிலம் ஆலயத்தின் பெயரில் இல்லை. 2014இல் மாநகர மன்றம் அந்த நிலத்தை ஜேக்கல் நிறுவனத்துக்கு விற்றது. 2025 மார்ச்சில் இடமாற்றப் பேச்சு நாடு முழுவதும் பெரிதாகி, கடைசியில் சற்றுத் தள்ளி மாற்று இடம் என்று முடிவானது. அந்த விவகாரத்தில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஒன்று மட்டும் எல்லாருக்கும் விளங்கியது: எத்தனை தலைமுறை விளக்கேற்றினாலும், நிலப்பட்டாவில் பெயர் இல்லாவிட்டால் இன்னொருவர் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். ஆலயத்துக்காவது குரல் கொடுக்க ஒரு சமூகம் இருந்தது. மூன்றாம் மாடியில் ஓர் அறையில் இருக்கும் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த வலியைப் பட்ட சமூகத்தின் பிள்ளைகள், இன்னொருவனைக் காகிதம் இல்லாமல் குடிவைக்கலாமா?

அதனால் சம்மதம் எதற்குக் கேட்கிறோமோ அதை முழுதாகச் சொல்லிக் கேட்க வேண்டும். எத்தனை பேர் இருப்பார்கள், சுவர் தடுப்பு போடுவோமா, தொழிலாளர்கள் தங்குவார்களா, நாள் வாடகைக்கு விடுவோமா, எல்லாவற்றையும். இதில் சட்டமும் இருக்கிறது. முதலாளிகள் தொழிலாளர்களைத் தங்கவைக்கும் இடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும் என்று 446ஆவது சட்டம் சொல்கிறது. அடுக்குமாடிகளில் குறுகிய கால வாடகையை நிர்வாகக் கழகம் தடை செய்யலாம் என்று மோண்ட் கியாரா வழக்கு ஒன்றில் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் சொத்தை நிர்வகிப்பது என்றால் அதற்கு முறையான பதிவு வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரை இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் அது சாட்சியாக நிற்காது. இதையெல்லாம் வீட்டுக்காரர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும். அபராதம், வழக்கு என்று வந்தால் முதலில் தட்டப்படுவது பெரும்பாலும் அவர் கதவுதான்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மறுவாடகையில் நடுவில் இருப்பவன் கொழுப்பதும், உடையவர் ஏமாறுவதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்தது. ஏழைக் குடும்பங்கள் நகரத்தின் நடுவிலேயே வாழ அது உதவியது உண்மை. ஆனால் தலைமை வாடகைக்காரர் உடையவருக்குச் சொற்பப் பணம் கொடுத்துவிட்டு, உள்ளே பலருக்கு அதிக விலைக்கு மறுவாடகைக்கு விட்ட கதைகளும் உண்டு. வருமானம் இல்லாத உரிமையாளர் கூரையைச் செப்பனிடவில்லை. கட்டடங்கள் சிதைந்தன. 1997இல் அந்தச் சட்டத்தை நீக்கத் தீர்மானித்து, 1999 கடைசியோடு அது முடிவுக்கு வந்தபோது வாடகைகள் ஏறின. பழைய குடித்தனக்காரர் பலர் இடம் பெயர்ந்தார்கள். உடையவர், நடுவர், குடியிருப்பவர் என்ற மூவரில் ஒருவருக்கு மட்டும் நன்மை என்ற ஏற்பாடு ரொம்ப நாள் நிற்காது. உடையும்போது மூவர் தலையிலும்தான் விழுகிறது.

பிறர் பொருளை வைத்துத் தொழில் செய்வது நமக்கு அந்நியமான வித்தையும் இல்லை. மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஆறு தாண்டினால் சற்றுத் தூரத்தில் லெபோ அம்பாங். அங்கே நகரத்தார் கிட்டங்கிகளில் உட்கார்ந்து தொழில் பார்த்த பலர் முதலாளிகள் இல்லை, முதலாளியின் முகவர்கள். முதல் செட்டிநாட்டில், தொழில் மலாயாவில். மூன்றாண்டு தவணைக்கு வருவார்கள். தவணை முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. வட்டியால் நொந்தவர்களும் இங்கே உண்டு. ஆனால் கடல் கடந்து இருக்கும் ஒருவருடைய பணத்தை, அவர் கண் பார்க்காத இடத்தில் வைத்து நடத்தும் அந்த ஏற்பாடு தலைமுறைகளாக ஓடியதற்குக் கணக்குதான் காரணம். நேரில் பார்க்க முடியாதவரின் கண்ணாகப் பேரேடு இருந்தது. இன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் மாதம் ஒருமுறை நாலு படம் எடுத்து, எந்த அறையில் ஆள் இருக்கிறார்கள், எது பழுது, எவ்வளவு செலவு என்று வீட்டுக்காரருக்கு அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம். கெட்ட செய்தியையும் சேர்த்து அனுப்புவதுதான் கஷ்டம்.

இனி ஒரு கசப்பான விஷயம். இப்படியெல்லாம் நேர்மையாக இருந்தால் தொழில் தானாக வளரும், வாடிக்கையாளர் தேடி வருவார் என்று மேடையில் பேசுவார்கள். நான் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்தால் அதுவும் கையில் இல்லாத ஒன்றுக்குத் தரும் ‘கேரண்டி’தான். உண்மையைச் சொன்ன தம்பியிடம் “யோசிச்சு சொல்றேன்” என்று சொன்ன அதே ஆண்டி, மறுநாள் வண்ண வண்ணமாகப் பேசியவனிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். நடக்கும். லாபம் தருவதால் அறம் நல்லது என்றால், நஷ்டம் வரும் நாளில் அதை விட்டுவிடலாம் என்று ஆகிவிடும். நம் முன்னோர் அறம், பொருள், இன்பம், வீடு என்று வரிசைப்படுத்தியபோது அறத்தை முதலில் வைத்தார்கள். பொருள் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. அறத்தின்மேல் நின்று பொருளை எடு என்றார்கள். அந்த வரிசையில் கடைசியில் வருவதும் ‘வீடு’தான். அது மறுவாடகைக்குக் கிடைக்காது!

அப்படியானால் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்கலாமா, கூடாதா? தாராளமாக வைக்கலாம். ஆசையாகவே பேசலாம். வீடு காலியாகக் கிடந்தால் என்ன நஷ்டம் என்று காட்டலாம், நாம் செய்த மற்ற வீடுகளைக் காட்டலாம். ஒரே ஓர் அளவுகோல் போதும் என்று எனக்குப் படுகிறது. நமக்குத் தெரிந்தது எல்லாம் அவருக்கும் தெரிந்திருந்தால் அப்போதும் அவர் கையெழுத்துப் போடுவாரா? நம் கணக்குப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, உள்ளே குடிவரப் போகும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து, அதே வார்த்தைகளை நம்மால் பேச முடியுமா? முடியும் என்றால் அது சம்மதம். முடியாது என்றால், கையெழுத்து மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது, சம்மதம் இல்லை.

இந்தத் தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகள் உங்கள் வட்டாரப் பேரவைகளில் நிச்சயம் இருப்பார்கள். அடுத்த கூட்டத்தில் சமய வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவர்களுடைய ஒப்பந்தத் தாள் ஒன்றை எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பாருங்கள். சட்டம் படித்த உறுப்பினர் ஒருவர் கூட இருக்கட்டும். நம்ம வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உட்கார வையுங்கள். ஒவ்வொரு வரியையும் அவருக்கு விளங்கும் தமிழில் சொல்லிப் பாருங்கள். எந்த வரி வரும்போது உங்கள் குரல் இறங்குகிறதோ, அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.